கோரைத்திட்டில் யார் முதலில் வருவது?

ஒரு பெரிய ஏரி. அதன் நடுவில் ஒரு மண்திட்டு. நான்கைந்து எருமைகள் காலை நீட்டிப் படுத்தால் இடம் தீர்ந்துவிடும். அவ்வளவுதான் அதன் பரப்பளவு. திட்டு முழுவதும் கோரைப்புல் மண்டிக் கிடந்தது. அங்கே குடியிருந்த நீர்க்கோழிகளும் ஆமைகளும் நண்டுகளும் தவளைகளும் அதைத் திட்டு என்று சொல்வதில்லை. ‘கோரைத்திட்டுக் குடியரசு’ என்று முழுப்பெயரையும் சொல்வார்கள். யாராவது சுருக்கிச் சொன்னால் கோபம் வந்துவிடும்!

குடியரசுத் தலைவர் ஒரு நீர்க்கோழி. பெயர் செம்மூக்கர். நெற்றியும் மூக்கும் பளிச்சென்று சிவந்திருக்கும். “முத்திரை குத்தியே பிறந்திருக்கிறார்! இவரை விட்டால் வேறு யார்?” என்று எல்லோரும் சேர்ந்து அவரைத் தலைவராக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் நடக்கும்போது வால் ஒருமுறைக்கு இருமுறை ஆடியது.

படைத்தளபதி ஒரு நண்டு. பெயர் கொடுக்கன். வீரத்தில் குறைவில்லை. ஆனால் “படையே, முன்னேறு!” என்று அவர் கட்டளையிட்டால் படை மொத்தமும் பக்கவாட்டில் போய்த் தண்ணீரில் விழும்.

வெளியுறவு மந்திரி ஓர் ஆமை. பெயர் ஓட்டம்மா. பெயரில் மட்டும்தான் ஓட்டம்.

இந்தக் குடியரசுக்கு ஒரு வரலாறு உண்டு. முன்பு அங்கே ஓர் உடும்பு ராஜாவாக இருந்தது. காலையில் ஒரு முட்டை, மதியம் ஒரு முட்டை, சாயங்காலம் யாருடைய முட்டை கையில் கிடைக்கிறதோ அது. இதற்கு வரி என்று பெயர். ஒரு மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக்கொண்டிருந்தபோது, கரையோரம் கிடந்த பனங்கட்டை ஒன்றின் மேல் ராஜா வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்துத் தூங்கினார். தண்ணீர் ஏறியது. கட்டை மெல்ல மிதந்தது. ராஜாவும் மிதந்தார். திட்டில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. குஞ்சுகள்கூடக் கத்தவில்லை. தவளைகள் வாழ்க்கையில் முதல்முறையாகச் சும்மா இருந்தன! கட்டை ஏரியின் ஆழமான பகுதிக்கு மிதந்து போனது. சில நாள் கழித்துக் கட்டை மட்டும் திரும்பி வந்தது.

நடந்தது இதுதான். ஆனால் குடியரசு தினத்தன்று செம்மூக்கர் பேசும்போது இது ‘மாபெரும் கட்டைப் போர்’ ஆகிவிடும். “நம் முன்னோர் சிந்திய இரத்தம்!” என்பார். நண்டுகள் கொடுக்கைத் தூக்கி ஆரவாரம் செய்யும். ‘அன்னைக்கு யாருக்கும் ஒரு கீறல்கூட விழலையே!’ என்று ஓட்டம்மா நினைத்துக்கொள்வாள். சொல்லமாட்டாள்.

வரலாறு இருந்தால் சின்னம் வேண்டும் அல்லவா? கொடி சுலபமாக முடிந்தது. ஒரு தாமரை இலையைக் குச்சியில் குத்தி நட்டார்கள். வெயிலில் அது சுருண்டுவிடும். வேறு இலை பறித்து வருவார்கள். தேசியகீதத்தைத் தவளைகள் ஏற்றுக்கொண்டன. அதில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அதையும் ஆளுக்கொரு நேரத்தில் ஆரம்பிப்பார்கள்.

அரசுச் சின்னத்தில்தான் சண்டை வந்தது. “நீர்க்கோழிதான் இருக்க வேண்டும்!” “நண்டு இல்லாத சின்னமா?” “ஓடு என்ன பாவம் செய்தது?” கடைசியில் எல்லோரையும் சேர்த்துவிட்டார்கள். ஆமை உடல், நீர்க்கோழித் தலை, இரண்டு பக்கமும் நண்டுக் கொடுக்கு, பின்னால் தவளைக் கால்! சேற்றுமேட்டில் அதை வரைந்து வைத்தார்கள். பார்த்த குஞ்சுகள் வீல் என்று அழுதன. “பகைவன் பயப்பட வேண்டுமே, அதற்காகத்தான்!” என்று சமாதானம் சொன்னார் செம்மூக்கர்.

உண்மையில் பகைவர்களைத் தடுத்து நிறுத்தியது சின்னம் இல்லை. ஏரியின் ஆழத்தில் முதலைகள் கிடந்தன. கோழியும் ஆமையும் பல்லிடுக்குக்குக்கூடக் காணாது என்று அவை குடியரசைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் கரையிலிருந்து ஒரு பன்றியோ நரியோ நீந்திப் புறப்பட்டால் விடுவதில்லை. குடியரசின் உண்மையான படை அதுதான். அவற்றுக்கு யாரும் ஒரு வணக்கம்கூட வைத்ததில்லை.

மேற்குக் கரையில் காட்டுப்பன்றிகள் இருந்தன. அவற்றின் தலைவர் உறுமையா. கிழக்குக் கரையில் நரிகள் இருந்தன. அவற்றின் தலைவர் இளியப்பர். இரண்டு கூட்டத்துக்கும் ஆகாது.

ஒருநாள் செம்மூக்கருக்கு ஓர் ஆசை வந்தது. “நம்மை நாமே நாடு என்று சொல்லிக்கொண்டிருந்தால் போதுமா? மற்றவர்களும் சொல்ல வேண்டாமா? நான் வெளிநாட்டுப் பயணம் போகிறேன்!” என்றார்.

ஒரு புதுத் தாமரை இலைக் கொடியை வாயில் கவ்விக்கொண்டு மேற்குக் கரைக்கு நீந்திப் போனார்.

“யாருடா அது?” என்றார் உறுமையா.

“நான் கோரைத்திட்டுக் குடியரசின் தலைவர்! நல்லெண்ணப் பயணமாக வந்திருக்கிறேன்!”

உறுமையாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ‘கோரை’ என்ற சொல் காதில் விழுந்ததும் சிரிப்பு நின்றது. கோரை இருந்தால் அடியில் கோரைக்கிழங்கு இருக்கும்! உடனே தன் பன்றிகளை இரண்டு வரிசையாக நிறுத்தினார். நடுவில் செம்மூக்கரை நடக்கச் சொன்னார். பன்றிகள் எல்லாம் சேர்ந்து ஓர் உறுமல் உறுமின. வாழ்க்கையில் அப்படி ஒரு மரியாதையைச் செம்மூக்கர் பார்த்ததில்லை. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொடியைப் பரிசாகக் கொடுத்தார். உறுமையா அதை வாங்கி அங்கேயே தின்றார்.

“உங்கள் கொடி ரொம்ப ருசி!” என்றார்.

“நன்றி! நன்றி!” என்றார் செம்மூக்கர்.

அன்றே ஒப்பந்தம் ஆனது. ஏரி வற்றி வழி கிடைக்கும்போது நட்பு நாட்டுப் பன்றிகள் திட்டுக்கு வரலாம். கிழங்குகள் நலமாக இருக்கின்றனவா என்று தோண்டிப் பார்க்கலாம்.

அடுத்தது கிழக்குக் கரை. இளியப்பர் வரிசை எல்லாம் நிறுத்தவில்லை. செம்மூக்கரை மேலும் கீழும் பார்த்தார். கழுத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார்.

“இவ்வளவு பெரிய தலைவர் தனியாகவா வந்தீர்கள்? மரியாதைக் காவல் இல்லையா?”

“அப்படி என்றால்?”

“முன்னால் ஒருவர் நடப்பார். பின்னால் ஒருவர் நடப்பார். நடுவில் நீங்கள்!”

“நடுவில் நானா?” செம்மூக்கருக்கு மூச்சு வாங்கியது.

“வழி கிடைத்ததும் இரண்டு காவலர்களை அனுப்புகிறேன். பிறகு மொத்தப் படையையும் அனுப்புகிறேன். உங்களுக்கு இல்லாததா!”

திட்டுக்குத் திரும்பியதும் செம்மூக்கர் இரண்டு ஒப்பந்தங்களையும் பெருமையாகச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. ஓட்டம்மா மட்டும் தலையை நீட்டினாள்.

“தலைவரே, அவங்களுக்கு என்ன கிடைக்குதுன்னு புரியுது. ஒருத்தருக்குக் கிழங்கு. இன்னொருத்தருக்கு என்னன்னு வாயால சொல்லவே பயமா இருக்கு. நமக்கு என்ன கிடைக்குது?”

“அங்கீகாரம்!”

“அதை அடைகாத்தா குஞ்சு பொரிக்குமா?”

“உங்களுக்கு ராஜதந்திரம் புரியாது, மந்திரி அம்மா!” என்றார் செம்மூக்கர். “இருபக்கமும் நண்பர்கள். நாம் நடுவில் நிம்மதியாக இருக்கலாம்!”

“ஏரியிலே தண்ணி இருக்கிறவரைக்கும்” என்றாள் ஓட்டம்மா. ஆனால் தவளைகள் அதற்குள் தேசியகீதத்தை ஆரம்பித்துவிட்டன. அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

அந்த ஆண்டு கோடை கடுமையாக இருந்தது. ஏரி நாளுக்கு நாள் இறங்கியது. முதலைகள் தெற்கே இருந்த மடுவுக்குப் போய்விட்டன. பங்குனி முடிவதற்குள் கிழக்கே ஒரு சேற்றுப்பாதை தலைகாட்டியது. மேற்கேயும் மண் தெரிய ஆரம்பித்தது.

பாதை காய்ந்த அன்றே இரண்டு நரிகள் வந்து சேர்ந்தன. “மரியாதைக் காவல்!” என்று பல்லைக் காட்டின.

செம்மூக்கர் அன்று முழுவதும் நடந்தார். வேலை ஒன்றுமில்லை. சும்மா நடந்தார். முன்னால் ஒரு நரி, பின்னால் ஒரு நரி. திட்டை எத்தனையோ முறை சுற்றிவிட்டார். வழியில் பார்த்தவர்களிடம் எல்லாம், “கொஞ்சம் ஒதுங்குங்கள், ஊர்வலம் வருகிறது!” என்றார்.

மறுநாள் உச்சிவெயிலில் அவர் களைத்துப்போய்க் கோரை நிழலில் கண்ணயர்ந்தார். அவர் மனைவி பச்சைக்காலி ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கக் கூட்டைவிட்டு இறங்கினாள். திரும்பி வந்து பார்த்தாள். கூடு பிய்ந்து கிடந்தது. உள்ளே ஓட்டுத் துண்டுகள் மட்டும் இருந்தன.

அவள் போட்ட சத்தத்தில் திட்டே கூடிவிட்டது. செம்மூக்கர் பதறி எழுந்து ஓடி வந்தார். இரண்டு காவல் நரிகளும் நாக்கால் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றன. ஒன்றின் மீசையில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது.

“என்ன இது?” என்றார் செம்மூக்கர்.

“பாதுகாப்பு, தலைவரே!” என்றது ஒரு நரி. “முட்டைகளை உள்ளே வைத்துக் காக்கிறோம். இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது!”

கொடுக்கன் பாய்ந்தார். பக்கவாட்டில்தான் பாய்ந்தார்; ஆனாலும் நரியின் காலை எட்டிப் பிடித்துவிட்டார். நரி உதறிய உதறலில் அவருடைய கொடுக்கு ஒன்று ஒடிந்து போனது. நரிகள் சிரித்துக்கொண்டே நிழலில் போய்ப் படுத்தன. “நாளை மறுநாள் உங்கள் குடியரசு தினமாமே! அன்றைக்கு எங்கள் தலைவர் படையோடு வருகிறார்!” என்று படுத்தபடியே சொன்னது ஒன்று.

சற்று நேரத்தில் மேற்குக் கரையிலிருந்து உறுமையாவின் குரல் கேட்டது. “நரி வந்தால் நாங்களும் வருவோம்! மொத்தக் கூட்டமும் வரும்! கிழங்கையெல்லாம் தயாராக வைத்திருங்கள்!”

பச்சைக்காலி அழவில்லை. பிய்ந்த கூட்டின் பக்கத்திலேயே நின்றாள். செம்மூக்கர் அருகில் போனார்.

“பச்சை...” என்றார்.

“நீங்க நடுவிலே நடக்கணும்னு ஆசைப்பட்டீங்க” என்றாள் அவள். “நடந்தாச்சா? திருப்தியா?”

எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும் வால் தொங்கிப் போயிருந்தது.

அன்று மாலை தென்முனைச் சேற்றில் அவசரக் கூட்டம் கூடியது. நரிகளுக்குக் கேட்காமல் இருக்கத் தவளைகள் மறுமுனையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன.

“போர்!” என்றார் கொடுக்கன், மிச்சமிருந்த கொடுக்கைத் தூக்கி.

“சண்டை போட்டா அரைநாள்கூடத் தாங்கமாட்டோம், தளபதி!” என்றாள் ஓட்டம்மா. “பன்றி வந்து கோரையைத் தோண்டினா வேர் போயிடும். வேர் போனா இந்த மண்ணு அடுத்த வெள்ளத்திலே கரைஞ்சிடும். நரி வந்தா முட்டையும் குஞ்சும் மிஞ்சாது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். நடக்கத் தெரிஞ்சவங்க தெற்கு மடுவுக்குப் போயிடலாம். முதலைங்க நம்மளைக் கண்டுக்காது.”

“குஞ்சுகள்?” என்றது ஒரு நீர்க்கோழி. “அடைகாக்கும் முட்டைகள்?”

ஓட்டம்மா தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

யாரும் செம்மூக்கரைக் கேட்கவில்லை. அவர் ஓரத்தில், எல்லோருக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்தார். முதல்முறையாக முன்வரிசையில் அவர் இல்லை. அங்கிருந்தபடியே பேசினார்.

“அந்த இரண்டு பேரையும் எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்ச லட்சணத்தைத்தான் பார்த்தோமே!” என்றாள் பச்சைக்காலி.

“இல்லை, பச்சை. அவர்கள் பலம் எனக்குத் தெரியாது. தந்திரமும் தெரியாது. ஆனால் மூன்று நாளுக்கு முன்பு யாராவது என்னிடம் வந்து, ‘உனக்கு முன்னால் இன்னொருவன் மேடை ஏறப்போகிறான்’ என்று சொல்லியிருந்தால் நான் சோறு தண்ணீர் இல்லாமல் நின்றிருப்பேன். இவர்களும் என்னைப் போலத்தான். உருவம்தான் பெரிது!”

ஓட்டம்மாவின் தலை மெல்ல வெளியே வந்தது.

“சொல்லுங்க, தலைவரே” என்றாள். அந்த ‘தலைவரே’யில் இப்போது கொஞ்சம் மரியாதை இருந்தது.

மறுநாள் காலை செம்மூக்கர் கிழக்குக் கரைக்குப் போனார். இளியப்பரும் நரிகளும் எதிரே நின்றார்கள். தன் குஞ்சுகளாக வர வேண்டியவை அந்தக் கூட்டத்தின் வயிற்றில் இருந்தன. ஆனாலும் கழுத்தைத் தரைவரை வளைத்து வணங்கினார்.

“மகா பெரிய தலைவரே! நாளைய விழாவுக்கு அழைக்க வந்தேன். உறுமையாவும் வருகிறார். உங்களைப் போன்றவர்களை வரவேற்க எங்கள் நாட்டில் ஒரு பழைய மரபு உண்டு.”

“என்ன மரபு?” என்றார் இளியப்பர்.

“சிறியவர் முதலில் வந்து நின்று காத்திருக்க வேண்டும். பெரியவர் கடைசியில் வருவார். அவர் வரும்போது சிறியவர் எழுந்து வணங்க வேண்டும். முதலில் திட்டில் கால் வைப்பவர் சிறியவர். பிறகு கால் வைப்பவர் பெரியவர்! யார் யார் எப்போது வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அவரவருக்கே தெரியும்.” குரலைத் தாழ்த்தினார். “ஒரு சங்கடம் மட்டும் இருக்கிறது. உங்கள் காவலர் இருவரும் ஏற்கனவே எங்கள் திட்டில்தான் இருக்கிறார்கள். நரிகள்தான் முதலில் வந்தவர்கள் என்று மேற்குக் கரையில் பேசிச் சிரிக்கிறார்கள்...”

இளியப்பர் துள்ளி எழுந்தார். திட்டைப் பார்த்து ஓர் ஊளை விட்டார். “அடேய்! இரண்டு பேரும் உடனே திரும்பி வாங்கடா! நாம் யாரும் அங்கே இல்லவே இல்லை, தெரிந்ததா?”

இரண்டு நரிகளும் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தன. செம்மூக்கர் அவை கடந்துபோகும்வரை தலைகுனிந்தே நின்றார். பிறகு மேற்குக் கரைக்குப் போய் அந்த மரபையே உறுமையாவிடமும் சொன்னார்.

“நானா அந்த நரிப்பயலுக்கு எழுந்து நிற்பது?” என்று உறுமினார் உறுமையா. “அவன் வந்து நிற்கட்டும். அப்புறம்தான் நான் வருவேன்!”

செம்மூக்கர் திட்டுக்குத் திரும்பியதும் ஓட்டம்மா கேட்டாள்: “இந்த மரபு நமக்கு எப்போதிலிருந்து இருக்கு?”

“இன்று காலையிலிருந்து” என்றார் செம்மூக்கர்.

குடியரசு தினம் விடிந்தது. மேற்குப் பாதையின் முனையில் பன்றிக் கூட்டம் வந்து நின்றது. கிழக்குப் பாதையின் முனையில் நரிக் கூட்டம் வந்து நின்றது. நடுவில் கோரைத்திட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

யாரும் நகரவில்லை.

வெயில் ஏறியது. “என்ன உறுமையா, போகவில்லையா?” என்று கூவினார் இளியப்பர்.

“நீங்கள் போங்கள்! எனக்கு அவசரமில்லை!”

“எனக்கும் அவசரமில்லை! நான் சும்மா காற்று வாங்க வந்தேன்!”

ஒரு பன்றி, “ஐயா, பசிக்குது. கிழங்கு வாசம் மூக்கைத் துளைக்குது. போயிடலாமே?” என்றது.

“ஒரு குளம்பை எடுத்து வைத்தாயோ, தொலைத்துவிடுவேன்!” என்றார் உறுமையா.

நரிப்பக்கமும் அதே கதைதான். சாயங்காலம் ஆனது. இருட்டியது. விடிந்தது. இரண்டு கூட்டமும் அங்கேயே நின்றன. நடுநடுவே செம்மூக்கர் ஒவ்வொரு கரைக்கும் போய்வந்தார். “அவர் உங்களைப் பற்றித்தான் கேட்டார். ‘இன்னும் புறப்படவில்லையா அந்தச் சின்னப்பயல்?’ என்றார். நான் பதில் சொல்லவில்லை” என்பார். அவ்வளவு போதும். தளர்ந்துபோயிருந்த தலைவர் மறுபடி விறைத்துக்கொள்வார்.

ஒருமுறை ஒரு குட்டிப்பன்றி சேற்றில் வழுக்கிப் பாதைக்குள் உருண்டுவிட்டது. “வந்துவிட்டது! பன்றி முதலில் வந்துவிட்டது!” என்று நரிகள் குதித்தன. உறுமையாவுக்கு மானம் போய்விட்டது. குட்டியை வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மொத்தக் கூட்டத்தையும் இன்னும் பின்னால் நகர்த்தி நிறுத்தினார்.

இப்படியே நாட்கள் போயின. ஆனால் இளியப்பர் முழு முட்டாள் இல்லை. ஒருநாள் காலை அவர் மேற்குப் பக்கம் பார்த்து, “உறுமையா! இந்தக் கோழி நம்மை நிற்கவைத்து வேடிக்கை பார்க்கிறது! ஒன்று செய்வோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போவோம்! யாரும் முதல் இல்லை, யாரும் கடைசி இல்லை!” என்று கூவினார்.

உறுமையா யோசித்தார். “சரி!” என்றார்.

திட்டில் குஞ்சுகள் ஓடிப்போய்க் கோரைக்குள் ஒளிந்தன. பச்சைக்காலி செம்மூக்கரைப் பார்த்தாள். அவர் சேற்றுமேட்டில் ஏறி நின்று குரல் கொடுத்தார்.

“அருமையான யோசனை! அப்படியே செய்யுங்கள்! ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுங்கள். ‘புறப்படு’ என்று யார் குரல் கொடுக்கப் போகிறீர்கள்?”

“நான்தான்!” என்றார் இளியப்பர். “யோசனை சொன்னது நான்!”

“நீ சொல்லி நான் கிளம்புவதா? நான் என்ன உன் வேலைக்காரனா?” என்றார் உறுமையா.

“சரி, சரி! குரல் நானே கொடுக்கிறேன்!” என்றார் செம்மூக்கர். “ஆனால் மேற்குப் பாதை நீளம் அதிகம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டுமானால் உறுமையா அவர்கள் கொஞ்சம் முன்னாலேயே புறப்பட வேண்டியிருக்கும்...”

“முன்னாலேயா? முடியாது!” என்றார் உறுமையா.

“அப்படியானால் ஒரே நேரத்தில் புறப்படுங்கள். இளியப்பர் அவர்கள் முதலில் வந்து சேர்ந்து, எழுந்து நின்று...”

“முடியவே முடியாது!” என்றார் இளியப்பர்.

அப்போது கொடுக்கன் ஒற்றைக் கொடுக்கைத் தூக்கி, “இன்னொரு சந்தேகம்! வந்தபிறகு தலைவரின் வலப்பக்கம் யார் உட்காருவது?” என்றார். அது உண்மையிலேயே அவருக்கு இருந்த சந்தேகம்தான். ஆனால் அதன் பிறகு நாள் முழுவதும் இரு கரைகளிலிருந்தும் வந்த வசவுகளைக் குஞ்சுகள் கேட்காமல் இருக்கத் தாய்க்கோழிகள் சிறகால் பொத்த வேண்டியிருந்தது.

சண்டை முற்றியிருந்த நேரத்தில் மேற்கே மலைமேல் மேகம் கறுத்தது. மலையில் பெய்த மழை ஆற்றில் இறங்கி, ஆறு ஏரியில் இறங்கியது. செம்மண் கலந்த தண்ணீர் சுழித்துக்கொண்டு வந்தது. இரண்டு பாதைகளும் முதலில் ஈரமாயின. பிறகு சேறாயின. பிறகு காணாமல் போயின. தெற்கு மடுவிலிருந்து முதலைகள் சோம்பல் முறித்துக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்பின. தண்ணீரில் காலை நனைத்திருந்த பன்றி ஒன்று அவற்றைப் பார்த்ததும், யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல் காட்டுக்குள் ஓடியது.

மழை நின்றபின் இளியப்பர் கரையில் வந்து நின்றார். நனைந்து, மெலிந்திருந்தார்; வால் சொதசொதவென்று தொங்கியது.

“செம்மூக்கரே! இப்போதாவது சொல்லும்! எங்கள் இருவரில் யார் பெரியவர்?”

செம்மூக்கர் ஓட்டம்மாவைப் பார்த்தார். ஓட்டம்மா நிதானமாகத் தலையை நீட்டினாள்.

“உங்கள் கேள்வி அரசின் பரிசீலனையில் இருக்கிறது!” என்றாள்.

பச்சைக்காலி புதுக் கூடு கட்டினாள். அதில் முட்டைகளும் வந்தன. போன முட்டைகளைப் பற்றி அவள் பேசவில்லை. ஆனால் செம்மூக்கர் பக்கத்தில் வரும்போது சிறிது நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் தன் முறை வரும்போதெல்லாம் கூட்டில் ஏறி அடைகாத்தார். அவர் முறை இல்லாதபோதும் அடைகாத்தார். ஒருநாள் அவள் அவர் வாயில் ஒரு புழுவை வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவரால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார முடிந்தது.

அந்த மழைக்காலத்திலேயே தூரத்துக் குளத்திலிருந்து ஒரு கூழைக்கடா தூது வந்தது. பெரிய அலகும் பெரிய பையுமாக ஏரியில் இறங்கி, “குடியரசுத் தலைவர் எங்கே? அவருக்கு ஒரு பட்டம் கொடுக்க எங்கள் மன்னர் என்னை அனுப்பியிருக்கிறார்! வந்து பெற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்!” என்றது.

“இப்போது வர முடியாது” என்றது கூட்டிலிருந்து ஒரு குரல். “எழுந்தால் முட்டை ஆறிவிடும். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் சொல்லுங்கள்!”

கூழைக்கடாவுக்கு வேண்டியது ஏரியின் மீன். அதைச் சொல்ல அதற்கு வெட்கமாக இருந்தது. பட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு பறந்துவிட்டது.

வணக்கத்துக்கு மயங்கி வாசலைத் திறப்பவர் வீட்டையே பறிகொடுப்பார்; தன் மயக்கம் எதில் என்று உணர்ந்தவரோ, எத்தனை சிறியவரானாலும், பெரியவர்களைக்கூட வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவைப்பார்.